கையெழுத்துப் போடும் முன்

பாதுகாப்புத் துறை ஆய்வகங்களுக்கும், அந்தத் துறையின் பணத்தில் இயங்கும் சிறு நிறுவனங்களுக்கும் இந்த ஆண்டு வேலைக்குப் போகவிருக்கும் தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவ மாணவிகளுக்கு,



உங்களில் பெரும்பாலோரை எனக்குத் தெரியாது. கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் முப்பத்தோரு வருடம் முதலாண்டு வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி மைசூர்பாகு டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். அந்தக் குடும்பத்தில் இவள்தான் முதல் பட்டதாரி. ட்ரோன் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த நிறுவனத்துக்குப் பணம் வருவது பாதுகாப்பு அமைச்சகத்தின் திட்டமொன்றிலிருந்து. சம்பளம் நன்றாக இருக்கிறது, சொந்த ஊர்ப் பக்கமே இருக்கலாம், நாட்டுக்காக வேலை செய்கிறோம் என்ற பெருமையும் சேர்கிறது. சந்தோஷமாகத்தான் வந்திருந்தாள்.

காபி குடித்து முடித்ததும் மடிக்கணினியைத் திறந்து ஒரு காட்சியைக் காட்டினாள். பயிற்சிக் காலத்தில் அவர்களே ஒரு வயல்வெளியில் மேலிருந்து எடுத்தது. சாயங்கால வெளிச்சம். வரப்பில் ஒருவர் நடந்து போகிறார். அவரைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம், மேலே ‘மனிதர்’ என்ற சொல். இரண்டு மூன்று விநாடி கழித்துக் கட்டம் சிவப்பாகி, ‘ஆயுதம்’ என்று மாறியது. அவர் தோளில் இருந்தது மண்வெட்டி.

“இதை இப்ப சரி பண்ணிட்டோம் மேடம். ஆனா நான் எழுதுறது ஒரு ஆளை அடையாளம் கண்டதும், அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு எங்ககிட்ட யாரும் சொல்லல. கேட்கலாமான்னும் தெரியல. ரகசியக் காப்பு ஒப்பந்தத்துல வர்ற வாரம் கையெழுத்துப் போடணும். நான் போறது சரிதானா?”

அவளுக்கு அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுதாகச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எங்கள் வீடு அதிக தூரமில்லை. தேஜஸ் போர் விமானம் கிளம்பினால் சமையலறை அலமாரியில் தட்டுகள் அதிரும். அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவாக இருந்ததே இல்லை. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் அமெரிக்கா தடை விதித்தது. தேஜஸின் பறத்தல் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அங்கே லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்கள் திரும்பி வர வேண்டியதாயிற்று. மீதி வேலையைப் பெங்களூரில் உட்கார்ந்து அவர்களே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று அந்த விமானம் முதன்முதலாகப் பறந்தது. அதன் எஞ்சின் இன்றும் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. அது தாமதமானால் நம் விமானப் படை காத்திருக்கிறது. அடுத்தவன் கொடுத்தால்தான் உண்டு என்ற நிலையில் ஒரு நாடு தன் எல்லையைக் காக்க முடியாது. ராணுவ ஆராய்ச்சிக்கு அரசு பணம் போடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். அதைச் சொல்ல என் பாடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2004இல் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து கீமோவுக்கு உட்கார வைத்தார்கள். முதலில் ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு மருந்து. அது முடிந்ததும் தண்ணீர்போல் நிறமில்லாத இன்னொன்று. நர்ஸ் பாட்டிலை மாட்டிவிட்டு, “இதுக்கு நிறையத் தண்ணி குடிக்கணும்மா, இல்லாட்டி மூத்திரப்பை புண்ணாயிடும்” என்றார். சீட்டைப் படித்தேன். சைக்ளோபாஸ்பமைடு. கையில் இருந்த மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் அதன் மூலக்கூற்றை வரைந்து பார்த்தேன். ஒரு நைட்ரஜன் அணு, அதிலிருந்து இரண்டு பக்கமும் நீளும் குளோரோஎத்தில் கைகள். அந்த நைட்ரஜனை மட்டும் எடுத்துவிட்டு அங்கே கந்தக அணு ஒன்றை வைத்து, மற்றதையெல்லாம் உதிர்த்தால் நிற்பது கடுகு வாயு. 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்க்களத்தில் ஜெர்மனி முதன்முதலாக வீசியது. தோலைக் கொப்பளிக்க வைத்து, கண்ணை மறைத்து, நுரையீரலை வேகவைப்பது.

அந்த இரண்டு கைகளும் செய்யும் வேலை ஒன்றுதான். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் பிடித்து முடிச்சுப் போட்டுவிடும். முடிச்சு விழுந்த செல் பெருக முடியாமல் சாகும். வேகமாகப் பெருகும் செல்கள் முதலில் சாகும். புற்றுநோய்ச் செல்லும் அப்படித்தான், எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான், தலைமயிரின் வேரும் அப்படித்தான். அக்காவின் முடி மூன்றாவது வாரம் சீப்போடு வந்தது. அக்கா இன்று இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்பு சாதம் வைத்துக் கொடுத்தாள்.

போருக்காகச் செய்த விஷம் என் அக்காவின் மருந்தாக ஆனது எப்படி? அந்தக் கதையை நான் வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன். நல்ல பாதியை மட்டும்தான் சொன்னேன் என்று இப்போது உறுத்துகிறது.

நல்ல பாதி இது. கடுகு வாயு பட்டவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்துபோவதை முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919லேயே, அமெரிக்க மருத்துவர்கள் எழுதி அச்சிட்டுவிட்டார்கள். ஆனால் அந்தத் திசையில் பெரும் பணம் வந்தது மறுபடியும் போர் வந்த பிறகுதான். 1942இல் அமெரிக்க அரசு ரசாயனப் போர் பற்றி ஆராய யேல் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டது. லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் என்ற இரண்டு மருந்தியலாளர்கள் கடுகு வாயுவின் நெருங்கிய உறவான நைட்ரஜன் மஸ்டர்டை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளணுக்களைக் கொல்கிறதென்றால் வெள்ளணுப் புற்றைக் கொல்லாதா என்று யோசித்து முதலில் எலியிலும், 1942 ஆகஸ்ட் 27 முதல் ஒரு மனிதரிலும் செலுத்திப் பார்த்தார்கள். கழுத்திலும் தாடையிலும் கட்டி வளர்ந்து விழுங்க முடியாமல் கிடந்தவர் அவர். கட்டி கரைந்தது. சில வாரங்களில் திரும்பி வந்தது. டிசம்பர் 1 அன்று இறந்துபோனார். ரத்தநாளம் வழியே புற்றுநோய்க்கு மருந்து செலுத்தியதில் உலகின் முதல் நோயாளி அவர்தான். ஆனால் போர்க்கால ரகசியம் என்பதால் அவருடைய மருத்துவக் குறிப்பில் மருந்தின் பெயர் இல்லை. ‘பொருள் எக்ஸ்’ என்றுதான் இருந்தது. நான்கு வருடம் அந்தச் செய்தி பூட்டிக் கிடந்தது. போர் முடிந்து 1946இல் அதை வெளியிட்ட பிறகுதான் மற்ற மருத்துவமனைகள் அதை எடுத்து, மாற்றி, மேம்படுத்தின. அந்த வரிசையில் வந்ததுதான் 1950களின் கடைசியில் ஜெர்மனியில் உருவான சைக்ளோபாஸ்பமைடு.

இனி, வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட பாதி.

ராவல்பிண்டி அன்று பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வகத்திலிருந்து வந்த விஞ்ஞானிகள் 1930களின் தொடக்கத்திலிருந்து பத்து வருடத்துக்கும் மேல் அங்கே இந்தியச் சிப்பாய்கள் மீது கடுகு வாயுவைச் சோதித்தார்கள். போரில் பயன்படுத்துவதானால் எவ்வளவு வேண்டும், வெள்ளைத் தோலும் கறுத்த தோலும் அதை ஒரே மாதிரித் தாங்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம். அரைக்கால் சட்டையும் பருத்திச் சட்டையுமாக நூற்றுக்கணக்கானவர்களை வாயு அறைக்குள் அனுப்பினார்கள். சிலர் கடுமையான தீப்புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்தரங்க உறுப்பு வெந்துபோனவர்கள் உண்டு. முகமூடி நழுவிக் கண்ணும் முகமும் வெந்த ஒருவரைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. அவர்கள் சம்மதித்துத்தான் வந்தார்களா என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. பிற்காலத்தில் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் தேடிப் பார்க்கவும் இல்லை. கடுகு வாயு புற்றுநோயை உண்டாக்கும் என்று இன்று நமக்குத் தெரியும். இந்த விவரமெல்லாம் லண்டன் ஆவணக் காப்பகத்திலிருந்து பத்திரிகைக்கு வந்தது 2007இல். அந்தச் சிப்பாய்களில் அதுவரை உயிரோடு இருந்தவர் யாராவது இருந்திருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் பாரி. இத்தாலியின் தென்கிழக்குத் துறைமுகம். 1943 டிசம்பர் 2 இரவு ஜெர்மன் விமானங்கள் அங்கே நின்ற நேச நாட்டுக் கப்பல்களைக் குண்டுவீசி எரித்தன. அவற்றில் ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலின் அடிவயிற்றில் ஏறத்தாழ 2,000 கடுகு வாயுக் குண்டுகள் இருந்தன. அது ரகசியச் சரக்கு. விஷயம் தெரிந்து கப்பலில் இருந்தவர்கள் கப்பலோடு போய்விட்டார்கள். கடலில் எண்ணெயோடு விஷமும் கலந்து பரவியது. நீந்திக் கரையேறிய மாலுமிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குளிரிலும் அதிர்ச்சியிலும் இருக்கிறார்கள் என்று நினைத்து, எண்ணெய் ஊறிய துணியோடே கம்பளி போர்த்தி, சூடான தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். உடனே துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். அப்படிச் செய்ய வேண்டுமென்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. விடியும்போது கண் தெரியவில்லை என்றார்கள், தோல் கொப்பளித்தது. 600க்கும் மேற்பட்ட ராணுவத்தினர் சிகிச்சை பெற்றார்கள், அந்த மாத முடிவுக்குள் 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊர்மக்களில் எத்தனை பேர் என்று சரியான கணக்கே இல்லை. ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் வந்து ஆராய்ந்து இது கடுகு வாயுதான் என்று எழுதிய பிறகும், பிரிட்டிஷ் ஆவணங்களில் அந்தப் பெயர் வரக்கூடாது என்றார் சர்ச்சில்.

அந்த மாலுமிகளைக் கொன்றதில் பாதிப் பங்கு ஜெர்மன் குண்டுக்கு. மீதிப் பாதி, சொல்லாமல் வைத்த ஒரு தகவலுக்கு.

யேல், ராவல்பிண்டி, பாரி மூன்றிலும் ஒரே குடும்பத்து வேதிப்பொருள். மூன்றிலும் அரசின் பணம், மூன்றிலும் ரகசியம். உலகத்துக்கு உதவியாக வந்தது எது என்று பார்த்தால், 1946இல் கதவு திறந்த ஒன்று மட்டும்தான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ராணுவ ஆராய்ச்சியின் கொடைகளாக எல்லோரும் சொல்லும் பட்டியலையும் நான் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். இணையம் ராணுவப் பணத்தில் பிறந்தது. சரிதான். சோவியத் யூனியன் 1957இல் ஸ்புட்னிக்கை அனுப்பிய அதிர்ச்சியில் அமெரிக்கா 1958இல் தொடங்கிய ‘அர்ப்பா’ என்ற ராணுவ ஆராய்ச்சி அமைப்புதான் அதற்குச் செலவழித்தது. ஆனால் அந்த வலையமைப்பின் விதிமுறைகளை எழுதத் தொடங்கியவர் ஸ்டீவ் கிராக்கர் என்ற பட்டமேற்படிப்பு மாணவர். 1969 ஏப்ரலில் அவர் எழுதிய முதல் குறிப்புக்கு வைத்த தலைப்பே ‘கருத்து வேண்டல்’ என்ற பொருளில்தான். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்த குறிப்பை எழுதலாம். அந்த வழக்கம் இன்றுவரை நிற்கிறது. பணம் ராணுவத்துடையது, ஆனால் தாள்கள் எல்லோருடையவை. இல்லாவிட்டால் அது இன்னொரு ராணுவத் தந்திக் கம்பியாகவே முடிந்திருக்கும்.

ஜி.பி.எஸ். கதையும் இதேதான். 1983 செப்டம்பரில் வழி தவறிய கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்த பிறகுதான், இதைப் பொதுமக்களுக்கும் தருவோம் என்று அமெரிக்கா அறிவித்தது. அப்படியும் வேண்டுமென்றே பிழை சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அந்தப் பிழையை 2000 மே மாதத்தில் எடுத்த பிறகுதான் இன்று உங்கள் வாசலுக்கே வந்து நிற்கும் ஆட்டோ சாத்தியமானது.

அதே அர்ப்பாவின் பணத்தில்தான் 1961இல் தெற்கு வியட்நாமில் இலைகளை உதிர்க்கும் மருந்துகளின் முதல் சோதனைகளும் நடந்தன. அதன் பின் பத்து வருடம் காடுகளிலும் வயல்களிலும் கொட்டிய மருந்துகளில் முக்கியமான ஏஜென்ட் ஆரஞ்சில் டையாக்சின் என்ற நஞ்சு கலந்திருந்தது. இணையத்தைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுக்கு வருகிறேன். நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வும் 1958இல் தொடங்கியதுதான். 2025-26 நிதியாண்டில் அதற்கு ஒதுக்கிய பணம் 26,816 கோடி ரூபாய். மத்திய அரசு ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில் மிகப் பெரிய ஒற்றைப் பங்கு அதனுடையது. அந்தப் பணத்திலிருந்து வந்த ஒரு பொருளை உங்களில் பலர் பள்ளிப் பேச்சுப் போட்டியில் சொல்லியிருப்பீர்கள். அக்னி ஏவுகணைக்காகச் செய்த எடை குறைந்த கலவைப்பொருளை அப்துல் கலாம் ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போனார். மூன்று கிலோவுக்கும் மேல் எடையுள்ள உலோகக் கால்தாங்கியை இழுத்துக்கொண்டு நடந்த பிள்ளைகளுக்கு 300 கிராமில் ஒன்று கிடைத்தது. அந்தப் பிள்ளைகள் ஓடியதைத் தன் வாழ்வின் பெரிய ஆனந்தங்களில் ஒன்றாக அவர் சொல்லிவந்தார். அதை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அந்தப் பொருள் குழந்தையின் காலுக்கு வந்த காரணத்தைக் கவனியுங்கள். மருத்துவர் ஒருவர் ஆய்வகத்துக்குள் வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். கதவு அன்று திறந்திருந்தது.

மூடிய கதவுக்கும் இங்கே உதாரணம் உண்டு. தேஜஸுக்காகத் தொடங்கிய காவேரி எஞ்சின் திட்டத்துக்கு 1989இல் சுமார் 383 கோடி ஒதுக்கினார்கள். 1996 கடைசியில் முடியும் என்றார்கள். செலவு மதிப்பீடு 2,839 கோடியாக உயர்ந்தது. 2008இல் அந்த எஞ்சின் தேஜஸுக்கு இல்லை என்று பிரித்துவிட்டார்கள். ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கிக்கு 1974இல் அனுமதி, படைக்கு வரத் தொடங்கியது 2004இல். எஞ்சின் செய்வது கடினம், தோற்பதும் ஆராய்ச்சிதான். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். முப்பது வருடம் அந்த அர்ஜுனோடு மல்லுக்கட்டிய ஆவடிப் பொறியாளர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஏன் தாமதம், எங்கே தவறு என்று ஒரு சாதாரணக் குடிமகன் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கும் அமைப்புகளில் டி.ஆர்.டி.ஓ.வும் ஒன்று. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டு என்றால் மட்டுமே கேட்க முடியும். கணக்குத் தணிக்கை அதிகாரி எழுதும் அறிக்கைதான் நமக்கு இருக்கும் முக்கியமான சன்னல். அது திறக்கும்போது பெரும்பாலும் வருடங்கள் ஓடியிருக்கும்.

ரகசியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரேடாரின் அலைவரிசையை, கவசத்தின் கனத்தை, ஏவுகணையின் உள் கணக்கை எதிரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யார் மேல் சோதித்தோம், எவ்வளவு செலவானது, ஏன் தாமதமானது, யாருக்கு விற்றோம் என்பவை எதிரிக்குப் பயன்படும் தகவல்கள் அல்ல. அவற்றை மூடுவதால் காப்பாற்றப்படுவது எல்லை அல்ல, யாரோ ஒருவருடைய நாற்காலி.

கடுகு வாயு நம் நாட்டிலும் இருந்தது. 1992 ஆகஸ்ட்டில் இந்தியாவும் பாகிஸ்தானும், ரசாயன ஆயுதங்களைச் செய்வதில்லை, வைத்துக்கொள்வதில்லை, பயன்படுத்துவதில்லை என்று கூட்டாக அறிவித்தன. 1997 ஜூனில், ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின்படி கணக்குக் காட்ட வேண்டி வந்தபோது, நம்மிடம் 1,044 டன் இருப்பதாக இந்தியா சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் வகுப்புக்குப் போனேன், பாடம் எடுக்க முடியவில்லை. ராவல்பிண்டியில் நம் சிப்பாய்களின் தோலை வேகவைத்த அதே பொருள். நமக்கே தெரியாமல், நம் பணத்தில். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சர்வதேச ஆய்வாளர்கள் பார்க்க, 2009க்குள் அதை முழுவதும் அழித்துவிட்டோம். அறிவித்த இருப்பை முழுதாக அழித்த மூன்றாவது நாடு நாம்தான், அல்பேனியாவுக்கும் தென்கொரியாவுக்கும் அடுத்து. பல நாடுகள் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்ட வேலை அது. வெளியார் வந்து எண்ணிப் பார்க்க வழிவிட்டதால் நம் பாதுகாப்புக்கு ஒரு குறையும் வரவில்லை.

இப்போது இந்தப் பணம் கல்லூரிகளுக்கும் வருகிறது. 2018இல் திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் சிறு நிறுவனங்களுக்கான ‘ஐடெக்ஸ்’ திட்டம் தொடங்கியது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஐந்தையும் சேர்த்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்தது. 2022 பட்ஜெட்டில், பாதுகாப்பு ஆராய்ச்சிப் பணத்தில் 25 விழுக்காட்டைத் தனியார் தொழில்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் திறந்துவிடுவதாக அறிவித்தார்கள். நல்லதுதான். நம் கல்லூரி ஆய்வகங்களில் பாதிக்குப் புதுக் கருவி வாங்கிப் பத்து வருடம் ஆயிற்று.

ஆனால் இது எங்கே இடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், துருப்பிடிக்காத பூச்சு ஒன்றைப் பற்றி ராணுவப் பணத்தில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. எம்.டெக். படித்த ஒரு பையன் ஒன்றரை வருடம் அதில் உழைத்தான். உப்புநீர்த் தொட்டியில் தகடு தகடாகத் தொங்கவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கும் வந்து அளவெடுப்பான். எழுதி முடிக்கும் நேரத்தில் இந்த முடிவுகளை ஆய்வேட்டில் சேர்க்கக்கூடாது என்று ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி முதலிலிருந்தே இருந்திருக்கிறது, யாரும் அவனுக்குப் படித்துக் காட்டவில்லை. வேறு தலைப்பு எடுத்து, ஒரு வருடம் போய், கட்டணமும் கட்டி முடித்தான். ஊரில் அவன் அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை, பையன் ஃபெயில் ஆகிவிட்டான் என்றே நினைத்தார்.

அவனுக்கு ஆராய்ச்சியே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அந்தப் பூச்சு இன்று எங்காவது பயன்படுகிறதா என்பதும் எனக்கும் அவனுக்கும் தெரியாது.

அதனால் உங்களிடம் கேட்பது இது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை முழுக்கப் படியுங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். எதை வெளியிடலாம், எதை வெளியிடக்கூடாது, எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். காலவரையறை இல்லாமல் எழுதியிருந்தால் அதற்குக் காரணம் கேளுங்கள். உங்கள் பொருளை மனிதர் மேல் சோதிப்பதென்றால், நெறிமுறைக் குழு உண்டா, சோதனைக்கு நிற்கும் ஜவானுக்கு முடியாது என்று சொல்ல உரிமை உண்டா என்று கேளுங்கள். மேலதிகாரி முன் நிற்கும் சிப்பாயின் ‘சரி’க்கு எவ்வளவு மதிப்பு என்பதை ராவல்பிண்டி சொல்லிவிட்டது. அந்தப் பொருளை வெளிநாட்டுக்கு விற்பார்களா என்றும் கேளுங்கள். 2024-25இல் நம் நாட்டின் பாதுகாப்பு ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய். நீங்கள் சூலூருக்காகச் செய்தது எங்கோ ஓர் ஊரில், அந்த ஊர்க்காரர்கள் மேலேயே திரும்பலாம்.

என் மாணவிக்கும் அவளைப்போல் நிரல் எழுதப் போகிறவர்களுக்கும் ஒன்று கூடுதலாக. படத்தில் இருப்பது மனிதரா என்று சொல்வது வேறு, சுடலாமா என்று முடிவெடுப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் இருப்பாரா, அவருக்கு யோசிக்க எத்தனை விநாடி இருக்கும் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. தானாக முடிவெடுக்கும் ஆயுதங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்துக்கு 152 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்த சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இதைப் பேசுவதற்கு ஜெனீவாவில் வேறோர் அவை ஏற்கெனவே இருக்கிறது என்பது நம் அரசின் வாதம். அங்கே பல வருடமாகப் பேச்சு நடந்தும் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றும் வரவில்லை. சட்டம் வரும்வரை அந்த இடைவெளியில் உட்கார்ந்திருப்பவர்கள் இருபத்திரண்டு வயதுள்ள நீங்கள்தான். மண்வெட்டி சிவப்புக் கட்டமானதை முதலில் பார்ப்பவர் அமைச்சர் அல்ல, நீங்கள். அந்தப் பிழையைத் திருத்திவிட்டு அழித்துவிடாதீர்கள். தேதி போட்டு, என்ன வெளிச்சம், எத்தனை உயரம், எத்தனை தடவை தவறியது என்று எழுதி, மேலே இருப்பவருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குப் பதிலும் வாங்குங்கள். இதில் எந்த ரகசியச் சட்டமும் மீறப்படவில்லை. நல்ல ஆய்வகம் என்றால் இதற்காக உங்களைப் பாராட்டும். பாராட்டாத ஆய்வகத்தைப் பற்றி முதல் மாதத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

‘பொருள் எக்ஸ்’ செலுத்திக்கொண்ட அந்த நோயாளியின் குறிப்புகளை, ஏறத்தாழ எழுபது வருடம் கழித்து யேலின் இரண்டு அறுவை மருத்துவர்கள் வெளியே ஒரு கிடங்கில் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதுவரை முதல் ஊசி போட்ட தேதியையே உலகம் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எவ்வளவு செலுத்தினார்கள், அவர் எந்த நாள் எழுந்து உட்கார்ந்தார், எந்த நாள் நன்றாகத் தூங்கினார் என்பதெல்லாம் அதில் இருந்தது. மருந்தின் பெயரை எழுத அனுமதியில்லாத நாட்களிலும் யாரோ ஒரு டாக்டரும் நர்ஸும் மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள். ராவல்பிண்டி அறைக்குள் போனவர்களுக்குப் பிற்காலத்தில் என்ன ஆயிற்று என்று அப்படி எழுதி வைக்க ஒருவரும் இருக்கவில்லை.

நேற்று ராத்திரி அவள் கூப்பிட்டாள். தாளை முழுக்கப் படித்தாளாம், மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினாளாம். இரண்டுக்குப் பதில் வந்துவிட்டது. நடுவில் ஒரு மனிதர் இருப்பாரா என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் வரவில்லை. “திங்கக்கிழமை நேர்லயே கேட்கறேன் மேடம்” என்றாள். அப்பாவுக்கு முதல் சம்பளத்தில் என்ன வாங்கலாம் என்றும் கேட்டாள்.

அன்புடன்,
உங்களில் சிலருக்கு மேடமாக இருந்தவள்
கோவை